அப்பாவைச் சிரிப்பு கிளப்புக்கு அனுப்பலாமா? வலிய வரவழைத்துச் சிரிப்பதில் பலன் உண்டா?

வடவள்ளிப்பெண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. அம்மா தவறிப் பதினான்கு மாதம் ஆகிறது. அப்பா முப்பத்தைந்து வருடம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். சூப்பர்வைசர் எப்படி நடந்தார், கேன்டீனில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார் என்று குரலை மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவார். அம்மா அடுப்படியில் நின்றபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார், அந்தச் சிரிப்பில் தோசை கருகிய நாட்கள் எல்லாம் உண்டு. இப்போது வீட்டில் கேட்பது மிக்சி சத்தமும் டிவி சத்தமும்தான். அப்பா சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார், தூங்குகிறார். கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார். காமெடி சேனலை வைத்துவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் ஒன்றும் அசைவதில்லை. அவர் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது போன வாரம்தான் எனக்கே உறைத்தது.

எதிர் வீட்டில் ஒரு ஐயா இருக்கிறார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஆறு மணிக்குப் பக்கத்துப் பூங்காவில் நடக்கும் சிரிப்பு கிளப்புக்குப் போகிறார். அப்பாவையும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். ஒரு நாள் நானே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபது இருபத்தைந்து பேர் வட்டமாக நின்று கை தட்டுகிறார்கள், 'ஹோ ஹோ ஹா ஹா ஹா' என்கிறார்கள், அப்புறம் இரண்டு கையையும் தூக்கி வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஜோக் எதுவும் யாரும் சொல்லவில்லை. அப்பா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். 'இதென்ன கூத்து' என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் மறுநாள் காலை காபி குடிக்கும்போது எதிர் வீட்டைப் பார்த்து 'அவர் இன்னைக்குப் போயிட்டாரா' என்று கேட்டார். அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

பெங்களூரில் இருக்கும் அண்ணனிடம் சொன்னால், 'அந்தக் கிறுக்குத்தனத்துக்கெல்லாம் அப்பாவை அனுப்பி நாலு பேர் கேலி பண்ணுற மாதிரி ஆக்காதே' என்று கோபப்படுகிறான்.

என் சந்தேகங்கள் இவை. சிரிப்பே வராதபோது வலிய வரவழைத்துச் சிரித்தால் உடம்புக்கோ மனதுக்கோ உண்மையில் நல்லது நடக்கிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா? அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஓடுகிறது, போன வருடம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷனும் ஆனது, அதனால் ஆபத்து உண்டா? அப்புறம், அவரை வற்புறுத்தலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காலைநடை எழுதியது:

தங்கச்சி, நான் சென்னையில் இருக்கிறேன். ஆறு வருடமாக எங்கள் ஏரியா பூங்காவில் இதே மாதிரி வட்டத்தில் நிற்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

'ஜோக்கே சொல்லவில்லையே' என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு ஒரு கதை இருக்கிறது. இதை ஆரம்பித்தவர் மும்பையைச் சேர்ந்த மதன் கட்டாரியா என்ற டாக்டர். ஒரு உடல்நலப் பத்திரிகைக்குச் சிரிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர், இவ்வளவு நல்லது என்றால் நாமே ஏன் செய்து பார்க்கக் கூடாது என்று 1995 மார்ச் 13ஆம் தேதி அந்தேரியில் லோகண்ட்வாலா பக்கம் ஒரு பூங்காவில் நின்றார். அன்றைக்கு மொத்தம் ஐந்தே பேர். முதலில் ஆளுக்கொரு ஜோக்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. அப்புறம் வந்ததெல்லாம் ஆபாசமும் அடுத்தவரைக் குத்துவதுமாக இருக்க, வந்தவர்களில் சிலர் முகம் சுளித்து இனிமேல் வர மாட்டோம் என்றார்கள். கட்டாரியா அதோடு ஜோக்கை அடியோடு எடுத்துவிட்டார். சிரிப்பையே ஒரு உடற்பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அவர் மனைவி மாதுரி யோகா கற்றவர், மூச்சுப் பயிற்சி அவர் வழியாக வந்து சேர்ந்தது. இப்போது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடக்கிறது. மே மாதம் முதல் ஞாயிறை உலகச் சிரிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள், அதுவும் 1998இல் மும்பையில் தொடங்கியதுதான். ஆக, ஜோக் சொல்லாமல் இருப்பது ஏதோ விட்டுப்போன குறை கிடையாது. யாரையும் புண்படுத்தாமல், மொழி தெரியாதவரும் காது மந்தமானவரும்கூடச் சேர்ந்துகொள்ளலாம் என்பதற்காக யோசித்துச் செய்தது.

எங்கள் குழுவில் அரை மணி நேரம். முதலில் தோளைச் சுழற்றுவது, கை தட்டுவது. அப்புறம் ஒவ்வொரு சிரிப்பாக. வணக்கம் சொல்லிக்கொண்டே ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சிரிப்பது, கையில் லஸ்ஸி டம்ளர் இருப்பதுபோல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக் குடித்துச் சிரிப்பது, போன் காதில் இருப்பதுபோல நடந்துகொண்டே சிரிப்பது, நாக்கை நீட்டி உறுமுகிற சிங்கச் சிரிப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆழமாக மூச்சை இழுத்து விடுவது. முதல் பத்து நாள் எனக்கு நெஞ்சுக்குள் கூச்சம் அடைத்துக்கொண்டது. எதிரில் நின்றவர் ரிட்டயர்டு பஸ் டிரைவர், பெரிய மீசை. அவர் என் கண்ணைப் பார்த்து லஸ்ஸி குடித்ததும் எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்தவே முடியவில்லை. வலிய ஆரம்பித்தது எந்த நொடியில் நிஜமாக மாறியது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் நான் ஆறு வருடமாகப் போவதற்குக் காரணம் அந்த அரை மணி நேரம் மட்டும் கிடையாது. முடிந்ததும் எல்லோரும் டீக்கடைக்குப் போவோம். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவார்கள். அந்த டிரைவர் அண்ணன் ஒரு தடவை அப்படி வராமல் போனபோது நாங்கள் போய்ப் பார்த்தோம், தனியாக ஜுரத்தில் படுத்திருந்தார், கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. அன்றிலிருந்து ஒரு வாரம் முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டு போனோம். பெயர் மட்டும் தெரிந்த இருபது பேருக்குள் இவ்வளவு உரிமை வேறு எந்த வழியில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. கூச்சத்தை ஒருவர் முன்னால் ஒருவர் விட்டுவிட்டோம், அதனால் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார் என்றால் அதுவே நல்ல சேதி. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முதலில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான்.


பிசியோ22 எழுதியது:

நான் இயன்முறை மருத்துவத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். குடலிறக்க ஆபரேஷன் என்று எழுதியிருப்பதால் உடனே பதில் போடுகிறேன்.

வயிறு குலுங்கச் சிரிக்கும்போது மூச்சை வெளியே தள்ளும் தசைகள் விட்டு விட்டுச் சுருங்குகின்றன. உதரவிதானம், விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகள், அடிவயிற்றுத் தசைகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். அதனால்தான் ரொம்பச் சிரித்தால் வயிறு வலிக்கிறது. வயதானவர்கள் பெரும்பாலும் மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள், சிரிக்கும்போது நுரையீரலில் தேங்கிய காற்றும் நன்றாக வெளியேறி அடுத்த மூச்சு ஆழமாகப் போகிறது. இதயத் துடிப்பு கொஞ்ச நேரம் கூடும், அப்புறம் தணியும், தசைகள் தளரும். நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், கிட்டத்தட்ட இருமலில் ஏறுவதுபோல. குடலிறக்கம் இருப்பவர்களும், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களும் அதனால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி எத்தனை மாதம், வலை வைத்துத் தைத்தார்களா, இப்போது அந்த இடத்தில் வலியோ புடைப்போ இருக்கிறதா என்பதை எல்லாம் பார்க்காமல் நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு தடவை காட்டி, 'சத்தமாகச் சிரிக்கும் பயிற்சிக்குப் போகலாமா' என்று நேராகவே கேளுங்கள். அவர் சரி என்றால், முதல் மாதம் வாய் மூடிய மெல்லிய சிரிப்பு, வணக்கச் சிரிப்பு மாதிரி லேசானவற்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். சிங்கச் சிரிப்பும், குனிந்து நிமிர்ந்து குலுங்குவதும் வேண்டாம். சிரிக்கும்போது உள்ளங்கையால் ஆபரேஷன் ஆன இடத்தைத் தாங்கிக்கொள்வது நல்லது, இருமும்போது தாங்கச் சொல்கிறோமே அதே மாதிரி.

ரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. கட்டுக்குள் இல்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். சிரிப்பு வந்துவிட்டது என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது, அப்படி நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கும். தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்ப்பது தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஆகாது. நிற்க முடியாவிட்டால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம், பலன் குறைந்துவிடாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிரிப்பே சில நேரம் வீசிங்கைக் கிளப்பிவிடும், இன்ஹேலர் கையில் இருக்கட்டும். கண் அழுத்த நோய், வலிப்பு, கடுமையான மூலம் இருப்பவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். பிரசவம் ஆன பெண்கள் நிறையப் பேருக்குச் சிரித்தாலோ தும்மினாலோ சிறுநீர் கசியும். அதற்கு வெட்கப்பட்டுச் சிரிக்காமலே இருந்துவிடுகிறார்கள், கல்யாண வீட்டில்கூட ஓரமாக நின்றுவிடுகிறார்கள். அது சரி செய்யக்கூடிய பிரச்சினை. இடுப்புத் தளத் தசைகளுக்கு எளிய பயிற்சிகள் இருக்கின்றன, வந்து கேளுங்கள், தயவுசெய்து சிரிப்பை விட்டுவிடாதீர்கள்.


ஈரோட்டுவாசகன் எழுதியது:

சகோதரி, 'சும்மா சொல்கிறார்களா' என்று கேட்டீர்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன். சிரிப்பு எல்லா நோயையும் தீர்க்கும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். அதற்காக எல்லாமே பொய் என்றும் தள்ளிவிட முடியாது.

எல்லோரும் முதலில் சொல்வது நார்மன் கசின்ஸ் கதை. அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964இல் முதுகெலும்பு இறுகிப்போகும் நோய் என்று சொல்லிப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976இல் ஒரு பெரிய மருத்துவ இதழிலேயே எழுதினார். ஆனால் அவர் அதே நேரத்தில் வைட்டமின் சியும் ஏராளமாக ஏற்றிக்கொண்டார், நோயும் தானாகத் தணிந்திருக்கலாம். ஒரு மனிதருடைய அனுபவம், அவ்வளவுதான். எனக்கு அதில் பிடித்தது, அதற்கப்புறம் டாக்டர்கள் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பது.

2005இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 20 பேருக்குச் சிரிப்பூட்டும் படக் காட்சிகளையும் மனதை இறுக்கும் காட்சிகளையும் வேறு வேறு நேரத்தில் போட்டுக் காட்டிக் கையில் இருக்கும் ரத்தக் குழாயை அளந்தார்கள். சிரித்தபோது 19 பேருக்குக் குழாய் நன்றாக விரிந்து கொடுத்தது. இறுக்கமான காட்சியில் 14 பேருக்கு ரத்த ஓட்டம் குறைந்தது. சின்னச் சோதனை, அதை வைத்து மாரடைப்பே வராது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்பது தெரிகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஆக்ஸ்போர்டில் ராபின் டன்பர் குழு செய்த வேலை. அவர்கள் வலியை அளந்தார்கள். உறைய வைத்த குளிர் உறையைக் கையில் மாட்டி எவ்வளவு நேரம் பொறுக்க முடிகிறது என்று பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிக்கொண்டே போவது, இப்படி. நகைச்சுவைக் காட்சி பார்த்துச் சேர்ந்து சிரித்தவர்களுக்கு அதற்கப்புறம் வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. சும்மா சாதாரண ஆவணப்படம் பார்த்தவர்களுக்குக் கூடவில்லை. உடம்பே சுரக்கும் எண்டார்பின்தான் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் 12 ஆண்களை அவரவர் நெருங்கிய நண்பர்களோடு உட்கார வைத்துச் சிரிக்கவிட்டு, அப்புறம் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அந்த மாதிரி வலி நீக்கும் ரசாயனம் உண்மையிலேயே வெளிப்பட்டது தெரிந்தது. நண்பர்களோடு என்பதைக் கவனியுங்கள்.

ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இன்னும் நேரான வழியில் போனார். கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் நின்று ஜனங்கள் சிரிப்பதை ஒட்டுக் கேட்டுக் குறித்தார், 1,200 சிரிப்புகள். அவற்றில் ஜோக் மாதிரி ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் வந்தவை 20 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் 'சரி, அப்புறம் பார்க்கலாம்', 'நானும் வரேன்' மாதிரி சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. கேட்கிறவரைவிடப் பேசுகிறவர் 46 சதவீதம் அதிகமாகச் சிரிக்கிறார். தனியாக இருப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம்.

உங்கள் அப்பா காமெடி சேனலைப் பார்த்துச் சிரிக்காததற்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் இவ்வளவு நாள் சிரித்தது காமெடிக்காக இல்லை. மில்லில் நடந்ததை நடித்துக் காட்டினார், ஒருவர் அடுப்படியில் நின்று கேட்டார். அந்தக் கேட்கிற ஆள் இப்போது இல்லை. நூறு சேனல் வைத்தாலும் அந்த இடம் நிரம்பாது. வலிய வரவழைத்த சிரிப்புக்கும் தானாக வரும் சிரிப்புக்கும் உடம்புக்கு வித்தியாசமே தெரியாது என்று சிரிப்பு யோகாக்காரர்கள் சொல்வதை நான் முழுதாக நம்பவில்லை, அதற்குப் போதுமான ஆதாரம் எனக்குத் தென்படவில்லை. ஆனால் காலைநடை அண்ணன் சொன்னதுபோல வலிய ஆரம்பித்தது ஆட்களுக்கு நடுவில் நிஜமாகிவிடும் என்பதை நம்புகிறேன். அனுப்புங்கள். கிளப்புக்கு அனுப்பினால் போதும் என்று மட்டும் இருந்துவிடாமல், சாயங்காலம் ஒரு பத்து நிமிடம் நீங்களும் அவர் எதிரில் உட்காருங்கள்.


மூத்தமருமகள் எழுதியது:

எல்லோரும் நல்லதே சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள், அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.

மாமியார் இறந்த பிறகு மாமனாரும் இப்படித்தான் அமைதியாக இருந்தார். நாங்கள் நாலு பேர் சொன்னதைக் கேட்டு அவரைச் சிரிப்பு வகுப்புக்கு வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போனோம். ஒரு வாரம் போனார், மற்றவர்கள் சிரிக்க இவர் கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாராம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்துவிட்டார், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார், 'நான் இருந்து என்ன பண்ண' என்று ஒரு நாள் சொன்ன பிறகுதான் மனநல டாக்டரிடம் போனோம். அது மனச்சோர்வு நோய், மருந்து வேண்டிய அளவுக்கு இருந்தது. மருந்தும் பேச்சும் சேர்ந்து ஆறு மாதத்தில் ஓரளவு மீண்டார். முன்னாடியே போயிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் அக்கா, அப்பாவுக்குப் பசி எப்படி இருக்கிறது, எடை குறைகிறதா, தூக்கம் நடுவில் கலைகிறதா, முன்பு பிடித்த எதிலாவது இப்போதும் ஆர்வம் காட்டுகிறாரா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் முதலில் டாக்டர், அப்புறம் கிளப். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கூச்சப்படாதீர்கள்.


தமிழம்மா எழுதியது:

மகளே, நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம்.

அவர் போன நான்காவது மாதம், பேரன் ஏதோ உளறினான், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த நொடி நெஞ்சில் யாரோ அடித்ததுபோல இருந்தது. சுவரில் மாலை போட்ட படம் என்னையே பார்க்கிற மாதிரி தோன்றியது. எழுந்து பின்கட்டுக்குப் போய் அழுதேன். அதற்கப்புறம் வெகுநாள் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள், அவரை மறந்துவிட்டாள் என்று சொல்வார்களோ என்ற பயமும் உண்டு. உங்கள் அப்பாவுக்குள்ளும் இது இருக்கலாம். ஆண்கள் இதை வாயால் சொல்ல மாட்டார்கள்.

என்னை அதிலிருந்து மீட்டது என் நாத்தனார். அவர் வந்து உட்கார்ந்து, தன் அண்ணன் சின்ன வயதில் கிணற்றில் வாளியை விட்டுவிட்டு ஊரெல்லாம் ஓடி ஒளிந்த கதையைச் சொன்னார். அவரைப் பற்றியே பேசி, அவரை நினைத்தே சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். அன்றைக்குத்தான் தெரிந்தது, சிரித்தால் அவர் தூரப் போகவில்லை, பக்கத்தில் வருகிறார் என்று. நம் ஊர்ச் சாவு வீடுகளில் பார்த்திருப்பீர்கள், காரியம் முடிந்த ராத்திரி உறவெல்லாம் திண்ணையில் பாயை விரித்து உட்கார்ந்து போனவருடைய பழைய கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது கோபமாக இருந்தது. இப்போது அது எவ்வளவு பெரிய மருந்து என்று புரிகிறது. இன்றைக்கு எல்லோரும் அன்றைக்கே காரில் ஏறிப் போய்விடுகிறோம், அந்தத் திண்ணை ராத்திரி இல்லாமல் போய்விட்டது.

உங்கள் அண்ணன் கேலிக்குப் பயப்படுவதும் எனக்குப் புரிகிறது. தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதலில் வைத்திருக்கிறது. அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லி, அதில் முதலாவதாக எள்ளலை, அதாவது கேலியைச் சொல்கிறது, அடுத்து இளமை, பேதைமை, மடன். ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது புண்ணாக்கும். ஒருவரோடு சேர்ந்து, குழந்தை மாதிரி ஆகிச் சிரிப்பது வேறு. அந்தப் பூங்காவில் நடப்பது இரண்டாவது வகை. அண்ணனை ஒரு தடவை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வற்புறுத்தாதீர்கள். எதிர் வீட்டுக்காரரை விட்டுவிடாமல் கூப்பிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் சொன்னால் அது அறிவுரை ஆகிவிடும், வயதொத்தவர் சொன்னால் அழைப்பு.


வடவள்ளிப்பெண் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். ஒவ்வொருவர் எழுதியதையும் பல தடவை படித்தேன். தமிழம்மா எழுதியதைப் படித்து ராத்திரி தனியாக அழுதேன்.

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டினோம். தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது, லேசாகச் செய்யலாம், வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். பிசியோ அக்கா சொன்ன மாதிரி கையால் தாங்கிக்கொள்ள அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எடை பார்த்தோம், குறையவில்லை, தூக்கமும் பரவாயில்லை. ஆனாலும் மூத்தமருமகள் சொன்னதை மறக்கவில்லை, எங்கள் குடும்ப டாக்டரிடம் இதையும் பேசினேன், மாதம் ஒரு தடவை கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லை. எதிர் வீட்டு ஐயாவிடம் மட்டும் சொன்னேன், அவர் தினமும் ஐந்தே முக்காலுக்குக் கேட்டுக்கு வெளியே நின்று 'நடக்கத்தான் போறோம், வாங்க' என்று கூப்பிட்டார். முதல் வாரம் அப்பா பெஞ்சிலேயே இருந்தாராம். இரண்டாம் வாரம் வட்டத்தில் நின்று கை மட்டும் தட்டினாராம். சிரித்தாரா என்று கேட்டேன், 'இன்னும் இல்லம்மா, ஆனா டீக்கடையில நல்லாப் பேசறார்' என்றார் ஐயா.

போன செவ்வாய்க்கிழமை பூங்காவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, அங்கே பயிற்சி சொல்லித்தரும் அம்மா எப்படிக் கையைத் தூக்கி 'ஹோ ஹோ' என்று ஆரம்பிக்கிறார், பின்னால் நிற்கும் மளிகைக்கடைக்காரர் எப்படி ஒரு தட்டு பிந்தியே தட்டுகிறார் என்று குரலை மாற்றி நடித்துக் காட்டினார். நான் அடுப்படியில் இருந்தேன். என்னையறியாமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மளிகைக்கடைக்காரர் நடக்கிற மாதிரி இன்னொரு தடவை நடந்து காட்டினார், அந்தத் தடவை அவரும் சிரித்தார்.

அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன், அவனுக்கும் ஒரு தடவை நடித்துக் காட்டினார். அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறானாம். வந்தால் ஐந்தரைக்கு எழுப்பிவிடுவேன் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார்.